எழுத்தும் திருத்தமும்

கதை கேட்கும் விருப்பம் மக்களோடு உடன்பிறந்தது. கதை சொல்லும் விருப்பமும் அத்தகையதே. பள்ளியில் பயிலும் இளைஞர் பலர் தம் குறிப்பேட்டின் கடைசித் தாள்களில், பிறர் அறியாவண்ணம், ஒரு சிறுகதையேனும் எழுதி வைத்திருத்தல் உண்டு. எழுதி முடித்த அன்று அதனினும் சிறந்த கதை உலகில் இல்லை என்று தோன்றும். ஆறு திங்கள் கழிந்தபின் எடுத்துப் படித்தால் நாணம் தோன்றும். அந்நாணத்தைக் கண்டு மனம் தளர வேண்டுவதில்லை. எழுதும் கை ஒன்று. எழுதியதை அயலான்போல விலகி நின்று காணும் கண் மற்றொன்று. கை பலர்க்கு இளமையிலேயே வாய்த்துவிடுகிறது. கண் திறப்பதற்குக் காலம் வேண்டும். சிலர்க்குப் பெரியோர் ஒருவரின் சொல்லும் வேண்டும். சிறுகதை உலகில் பெரும்புகழ் பெற்ற ருஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகாவுக்கு அக்கண் திறந்த வரலாறும், அதன்பின் அவர் பிற எழுத்தாளர்க்குக் கூறிய அறிவுரைகளும் கதை எழுதக் கருதுவோர் அறியத் தக்கவை.

செகாவ் 1860-ஆம் ஆண்டில், அசோவ் கடற்கரையில் உள்ள தாகன்ரோக் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஒரு பண்ணையடிமை. வருந்திச் சேர்த்த பொருளைக் கொடுத்துத் தம்மையும் தம் குடும்பத்தையும் விடுவித்துக்கொண்டவர். தந்தையார் மளிகைக் கடை வைத்திருந்தார். மைந்தர்கள் பள்ளி விட்டு வந்ததும் கடையில் நிற்க வேண்டும். தவறினால் அடி விழும். 1876-இல் கடன் மிகுந்து கடை மூழ்கியது. தந்தையார் மாஸ்கோவுக்குச் சென்று மறைந்தார், குடும்பமும் பின்தொடர்ந்தது. பதினாறு வயதுச் சிறுவனான அந்தோன் மட்டும் படிப்பை முடிப்பதற்காகத் தாகன்ரோக்கில் தனியே தங்கினான். பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வயிறு வளர்த்தான். 1879-இல் மாஸ்கோ சென்று, பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தான்.

அங்கே அவரை எதிர்நோக்கியிருந்தது வறுமை. பெற்றோரும் தம்பியரும் தங்கையும் அவருடைய கையை நம்பி இருந்தனர். அண்ணன்மார் இருவரும் கூரிய அறிவுடையவர். ஆயினும் குடும்பச் சுமையைத் தாங்கும் உறுதி அவர்களிடம் இல்லை. மருத்துவ மாணவர்க்கு ஊதியம் ஏது? எனவே செகாவ் நகைச்சுவை இதழ்களுக்குச் சிறு சிறு கதைகள் எழுதலானார். 1880-இல் முதற் கதை அச்சேறியது. பீட்டர்ஸ்பர்க்கில் லெய்கின் என்பவர் நடத்திய ‘துணுக்குகள்’ என்னும் வார இதழ் வரிக்கு எட்டுக் கோபெக்கு கொடுத்தது. கதை ஏறத்தாழ நூறு வரிக்குள் அடங்க வேண்டும் என்பது அவ்விதழின் விதி. நூற்றொன்றாவது வரி எத்துணை அழகுடையதாயினும் அதற்கு இடம் இல்லை. அந்தோஷா செகோந்தே என்னும் புனைபெயரில் அவர் அந்நாளில் எழுதிக் குவித்த கதைகள் மிகப் பல.

எழுதுவதற்கு அமைதியான இடமும் அவர்க்கு வாய்க்கவில்லை. 1883-இல் லெய்கினுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் தம் நிலையை அவரே வேடிக்கையாக விவரித்துள்ளார். எதிரில் மருத்துவ நூல்கள் இரக்கமின்றி முறைத்துப் பார்க்கின்றன. அடுத்த அறையில் விருந்தாக வந்த உறவினரின் குழந்தை வீறிட்டு அழுகிறது. மற்றோர் அறையில் தந்தையார் தாயார்க்கு உரத்த குரலில் நூல் ஒன்றைப் படித்துக் காட்டுகிறார். யாரோ இசைப்பெட்டியை முடுக்கிவிட, அது பாடத் தொடங்குகிறது. இவற்றின் நடுவே கதை பிறக்க வேண்டும். தமக்கெனத் தனி அறை இல்லையே என்று எழுதாமல் இருப்போர் இக்கடிதத்தை நினைவில் கொள்ளுதல் நன்று.

வரி எண்ணி எழுதிய அப்பழக்கம் செகாவுக்கு நன்மையும் தீமையும் ஒருங்கே செய்தது. சுருங்கச் சொல்லும் ஆற்றலை அது கற்பித்தது. நூறு வரிக்குள் ஒரு வாழ்க்கையைக் காட்டப் பழகியவன் வெற்றுச் சொல்லை வீணே செலவிடான். ஆனால், விரைந்து எழுதி, விரைந்து அனுப்பி, விரைந்து மறக்கும் பழக்கத்தையும் அது கொடுத்தது. தம் எழுத்தை அவரே மதிக்கவில்லை. எழுத்தினின்று கிடைக்கும் காசு வீட்டு வாடகைக்கும் உணவுக்கும் பயன்பட்டது, அவ்வளவே. 1884-இல் மருத்துவப் பட்டம் பெற்றபின், மருத்துவமே தம் தொழில் என்றும், எழுத்து ஒரு பொழுதுபோக்கு என்றும் எண்ணிக்கொண்டிருந்தார்.

1886-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் இறுதியில் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் தீமித்ரி கிரிகொரோவிச். அவர் அறுபது வயதைக் கடந்தவர். அடிமைக் குடியானவரின் துயரத்தை 1840-களிலேயே கதைகளில் தீட்டிப் புகழ் எய்தியவர். தஸ்தயெவ்ஸ்கி தம் முதல் நாவலை எழுதியபோது அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்தவர் இவரே. அந்நாவலின் கையெழுத்துப் படியை 1845-இல் கவிஞர் நெக்ராசோவிடம் கொண்டு சென்று, இருவரும் இரவெல்லாம் கண்விழித்துப் படித்து, விடியுமுன் தஸ்தயெவ்ஸ்கியின் கதவைத் தட்டிப் பாராட்டிய பெருந்தகை. பிறர் திறமையைக் கண்டு பொறாமை கொள்ளாது மகிழும் அப்பண்பு நாற்பது ஆண்டு கழிந்தும் அவரிடம் மாறாமல் இருந்தது. செய்தித்தாள் ஒன்றில் ‘வேட்டைக்காரன்’ என்னும் கதையைக் கண்டு வியந்து, அதன் ஆசிரியர் எழுதியவற்றைத் தேடித் தேடிப் படித்தபின், முன்பின் அறியாத அவ்விளைஞர்க்குத் தாமாகவே கடிதம் வரைந்தார்.

உமக்கு இயற்கையாகவே வாய்த்த உண்மையான ஆற்றல் இருக்கிறது; இத்தலைமுறை எழுத்தாளரினும் அஃது உம்மை மிக உயர்த்துகிறது என்று அவர் பாராட்டினார். பாராட்டோடு நிறுத்தினாரில்லை. தவணைக்காக விரைந்து எழுதுவதை நிறுத்துக. வருவாய் குறையுமாயின், எம் காலத்தில் யாம் பசித்திருந்தது போலப் பசித்திருக்கவும் துணிக. கண்டவற்றையும் உணர்ந்தவற்றையும் ஒரே அமர்வில் செலவிட்டுவிடாமல், நன்கு சிந்தித்துச் செப்பம் செய்யும் படைப்புக்காகச் சேர்த்து வைக்க. புனைபெயரை விடுத்துச் சொந்தப் பெயரை இடுக என்பன அவர் கூறிய அறிவுரையின் சாரம்.

இக்கடிதம் செகாவை இடிபோலத் தாக்கிற்று. கண்ணீர் வரும் நிலையில் அவர் விடை எழுதினார். அவ்விடை ஒரு குற்றவாளியின் வாக்குமூலம் போன்றது. தம் கதைகளுள் எதற்கும் ஒரு நாளைக்கு மேல் உழைத்ததாக நினைவில்லை என்று ஒப்புக்கொண்டார். கிரிகொரோவிச் பாராட்டிய ‘வேட்டைக்காரன்’ கதையே குளிக்கும் கொட்டகையில் இருந்துகொண்டு எழுதப்பட்டதாம்! தீ விபத்தைப் பற்றிச் செய்தியாளர் எழுதுவது போல, வாசகரையும் தம்மையும் எண்ணாமல், எந்திரம்போல எழுதி வந்ததாகக் கூறினார். மேலும் ஒரு செய்தியை அவர் வெளியிட்டார். தமக்கு உயிரான சில காட்சிகளையும் உருவங்களையும் அக்கதைகளில் செலவிட்டுவிடாமல், ஏனென்று தெரியாமலே, ஒளித்துக் காத்து வந்தாராம். கையை வாடகைக்கு விட்டபோதும் உள்ளத்தின் ஒரு மூலையைப் பூட்டி வைத்திருந்தார் என்பது இதனால் விளங்கும்.

அறிவுரை கூறுதல் எளிது, பசித்திருத்தல் அரிது. பல உயிர்கள் உண்ண வேண்டிய வீட்டில், மறுநாளே எழுதுவதை நிறுத்துவது எங்ஙனம்? செகாவ் உடனே மாறிவிடவில்லை. அச்சு வேலை முற்றும் தறுவாயில் இருந்தமையால், அவ்வாண்டு வெளிவந்த ‘பல்வண்ணக் கதைகள்’ என்னும் தொகுதியின் முகப்பிலும் பழைய புனைபெயரே நின்றது. ஆயினும் மாற்றம் சிறிது சிறிதாக நேர்ந்தது. 1886-இல் நூற்றுக்கு மேல் இருந்த கதைகளின் எண்ணிக்கை 1888-இல் மிகச் சிலவாகச் சுருங்கிற்று. முன்பு ஒரு நாளில் கதை முடித்தவர், பள்ளியிற் சேரச் செல்லும் சிறுவன் ஒருவன் பரந்த புல்வெளியைக் கடந்து போகும் பயணத்தை ‘ஸ்டெப்பி’ என்னும் நெடுங்கதையாக வாரக்கணக்கில் அமர்ந்து எழுதினார். அவ்வாண்டின் இறுதியில் அறிவியற் கழகம் அவர்க்குப் புஷ்கின் பரிசில் பாதியை வழங்கியது. பரிசு பெற்ற ‘அந்தியில்’ என்னும் தொகுதி கிரிகொரோவிச்சுக்கே காணிக்கை ஆக்கப்பட்டிருந்தது.

தாம் பெற்ற அறிவுரையைச் செகாவ் தம்மளவில் வைத்துக்கொள்ளவில்லை. கடிதம் வந்த இரண்டு திங்களுக்குள், 1886 மே மாதத்தில், தம் அண்ணன் அலெக்சாந்தருக்கு ஒரு கடிதம் எழுதினார். அலெக்சாந்தரும் எழுத்தாளர். தம்பி அண்ணனுக்குப் பாடம் சொல்லும் கடிதம் அது. ஆயினும் உரிமையும் நகையும் கலந்திருப்பதால் அதில் செருக்குத் தோன்றவில்லை. நல்ல கதைக்கு வேண்டுவன யாவை என்று அவர் அதில் எண்ணிக் காட்டினார். அரசியல், சமூகப் பேருரைகள் கூடா. எழுதுபவன் தன் விருப்பு வெறுப்புகளைத் திணித்தல் கூடாது. மாந்தரையும் பொருள்களையும் உள்ளவாறே காட்டுதல் வேண்டும். இயன்றவரை சுருக்கம் வேண்டும். பிறர் நடந்து தேய்ந்த வழியை விட்டு விலகும் துணிவு வேண்டும். இவற்றோடு நெஞ்சில் இரக்கமும் வேண்டும்.

அக்கடிதத்திலேயே இயற்கை வருணனை பற்றியும் பேசினார். கதிரவன் கடலலைகளில் மூழ்கிப் பொன்னொளி பரப்பினான் என்பது போன்ற பழகிய தொடர்களைக் கைவிடும்படி கூறினார். வாசகன் கண்ணை மூடினால் காட்சி தோன்ற வேண்டும். அதற்குச் சிறு நுணுக்கங்களே போதும். ஆலையின் அணைக்கட்டின்மேல் கிடக்கும் உடைந்த புட்டியின் சில்லு ஒன்று விண்மீன்போல மின்னியது, ஒரு நாயின் கரிய நிழல் பந்துபோல உருண்டோடியது என்று எழுதினால் நிலவு முழுவதும் அங்கே வந்துவிடும் என்பது அவர் காட்டிய வழி. அவ்வுவமையை அவர் மிகவும் விரும்பினார் போலும். அவ்வாண்டிலேயே தம் கதை ஒன்றில் அதனைக் கையாண்டார். பத்தாண்டுக்குப் பின் எழுதிய ‘கடற்பறவை’ என்னும் நாடகத்தில், அத்தகைய உத்தி கைவந்த மூத்த எழுத்தாளரைக் கண்டு இளைய எழுத்தாளன் ஒருவன் ஏங்கிப் பொறாமைப்படும் இடத்திலும் அதனை அமைத்தார்.

உள்ளத்தைக் காட்டுவதற்கும் அதே நெறியைக் கூறினார். அவன் துயருற்றான், அவள் மகிழ்ந்தாள் என்று ஆசிரியன் அறிவித்தல் வேண்டா. அவர்கள் செய்யும் செயலால் அது விளங்க வேண்டும். இதற்கு அவருடைய கதை ஒன்றே தக்க சான்று. 1886-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கிரிகொரோவிச்சின் கடிதம் வருவதற்கு முன்னரே வெளிவந்த ‘துயரம்’ என்னும் கதை அது. குதிரை வண்டிக்காரக் கிழவன் ஐயோனாவின் மகன் இறந்து சில நாட்களே ஆகின்றன. பனி பொழியும் மாலையில் கிழவன் வண்டியின்மேல் கூனிக் குறுகி அசையாமல் அமர்ந்திருக்கிறான். பனி அவன்மேலும் குதிரையின்மேலும் படிகிறது. வண்டியேறிய படைவீரர் ஒருவரிடம் மகன் இறந்ததைச் சொல்லத் தொடங்குகிறான்; அவர் ஒரு சொல் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். பின்னர் ஏறிய இளைஞர் மூவரும் ஏசுகின்றனர். எல்லாரும் ஒரு நாள் சாகத்தான் போகிறோம் என்று ஒருவன் கூறி முடிக்கிறான். வாயிற்காவலன் வண்டியை அப்பால் ஓட்டச் சொல்கிறான். தங்கும் விடுதியில் நீர் குடிக்க எழுந்த இளம் வண்டிக்காரன், கேட்கும்போதே உறங்கிவிடுகிறான். இறுதியில் கிழவன் கொட்டிலுக்குச் சென்று, வைக்கோல் மென்றுகொண்டிருக்கும் குதிரையிடம் எல்லாவற்றையும் சொல்லுகிறான். கதை அங்கே நின்றுவிடுகிறது. மாநகரத்தில் ஏழைக்குச் செவி கொடுப்பார் இல்லை என்று ஆசிரியர் எங்கேனும் புலம்பியிருந்தால், படிப்போரின் கண்ணீர் பாதியாகக் குறைந்திருக்கும். விரைவில் எழுதிய காலத்திலும் இத்தகைய கதை அவர் கையினின்று பிறந்தது என்பது, கிரிகொரோவிச் எதனைக் கண்டு அஞ்சினார் என்பதை உணர்த்தும். இத்தகைய ஆற்றல் சில்லறையாகச் செலவழிந்துவிடக் கூடாதே என்பதுதான் அம்முதியவரின் கவலை.

பின்னாளில் லிதியா அவிலோவா என்னும் எழுத்தாளர் தம் கதைகளைச் செகாவுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பதுண்டு. 1892-இல் அவருக்கு எழுதிய கடிதத்தில், துன்புறுவோரைப் பற்றி எழுதிப் படிப்போரின் இரக்கத்தைப் பெற விரும்பினால், எழுதும்போது சற்றே குளிர்ந்த உள்ளத்தோடு இருக்க வேண்டும் என்றார் செகாவ். குளிர்ந்த பின்புலத்தில்தான் துயரம் எடுப்பாகத் தோன்றும். கதைமாந்தரும் அழுது ஆசிரியரும் அழுதால் எதுவும் எடுபடாது. இதனைக் கேட்டோர் இரக்கமற்ற பேச்சு என்று தவறாகக் கொள்ளக்கூடும். ஆசிரியன் தன் மாந்தர்க்காக அழலாம், வருந்தலாம். ஆனால் படிப்போர்க்கு அது தெரியாமல் இருக்க வேண்டும் என்று அடுத்த கடிதத்தில் அவரே தெளிவுபடுத்தினார். நோயாளியின் படுக்கையருகே நின்று அழும் மருத்துவரால் யார்க்குப் பயன்? மருத்துவத் தொழில் அவர் எழுத்துக்குக் கொடுத்த கொடைகளுள் இக்கட்டுப்பாடும் ஒன்று எனலாம்.

மாக்சிம் கார்க்கிக்கு அவர் கூறிய அறிவுரை வேறு வகையானது. கார்க்கி வெள்ளம்போல எழுதுபவர். நாடகம் பார்க்க வந்தவன் தன் மகிழ்ச்சியை அடக்க இயலாது ஆரவாரம் செய்து, தானும் கேளாது பிறரையும் கேட்கவொட்டாது செய்வது போன்றது உமது எழுத்து என்று 1898-இல் நயமாகச் சுட்டினார் செகாவ். மறு ஆண்டில், அச்சுப்படியைத் திருத்தும்போது பெயர்க்கும் வினைக்கும் முன்னே அடுக்கப்பட்ட அடைமொழிகளை இயன்றவரை அடித்துவிடுமாறு எழுதினார். அடைமொழி மிகுந்தால் படிப்பவனின் கவனம் சிதறிக் களைத்துவிடும் என்பது அவர் கூறிய காரணம். இதனைத் தமிழில் சோதித்துப் பார்க்கலாம். ‘தளர்ந்து மெலிந்த உடலும், நரைத்து நீண்ட தாடியும், கவலை தோய்ந்த முகமும் உடைய முதியவர் ஒருவர், ஆளரவமற்ற அகன்ற நெடுஞ்சாலையின் ஓரத்தில், அங்குமிங்கும் அச்சத்தோடு நோக்கியவாறு, மெல்ல மெல்லத் தயங்கி அமர்ந்தார்’ என்பது ஒரு தொடர். ‘கிழவர் சாலையோரத்தில் உட்கார்ந்தார்’ என்பது மற்றொன்று. முன்னதில் இருபதுக்கு மேற்பட்ட சொற்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளுகின்றன. உட்கார்ந்த கிழவரைக் காண்பதற்குள் மூச்சு வாங்குகிறது. பின்னதில் கிழவர் உடனே உட்கார்ந்துவிடுகிறார். அவர் அச்சமுற்றிருந்தார் என்பது கதைக்கு இன்றியமையாதது ஆனால், அடுத்த தொடரில் அவர் திரும்பிப் பார்க்கட்டும்.

ஒரு செய்தியை இங்கே மறைத்தல் தகாது. இந்நெறி எல்லார்க்கும் பொருந்தும் சட்டம் அன்று. டால்ஸ்டாயும் தஸ்தயெவ்ஸ்கியும் இவ்வளவு சுருக்கத்தை நாடியவர் அல்லர். கார்க்கியும் தம் இயல்பை முற்றும் விட்டுவிடவில்லை. பெரிய ஆற்றுக்குக் கரை அகலமாக இருப்பது குற்றம் ஆகாது. எனினும், எழுதத் தொடங்குவோரின் கையெழுத்துப் படியில் சொல் குறைந்ததால் கெட்ட கதைகள் சில. சொல் மிகுந்ததால் கெட்டவை பல.

கதையை எழுதி முடித்ததும் அதன் தொடக்கத்தையும் முடிவையும் அடித்துவிட வேண்டும், எழுத்தாளர் மிகுதியாகப் பொய் சொல்லும் இடங்கள் அவையே என்று செகாவ் தம்மிடம் கூறியதாக எழுத்தாளர் புனின் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். தொடக்கத்தில் எழுதுபவன் தொண்டையைச் செருமிக்கொள்கிறான். முடிவில் விடைபெற மனமின்றி வாயிலில் நின்று பேசுகிறான். இரண்டும் படிப்போர்க்கு வேண்டாதவை. இடையில் உள்ளவற்றுக்கும் காவல் உண்டு. சுட எண்ணாத துப்பாக்கியைக் குண்டு நிரப்பி மேடையில் வைக்கக் கூடாது என்று 1889-இல் இளம் எழுத்தாளர் ஒருவர்க்கு அவர் எழுதினார். பயன்படாத பொருளைக் காட்டுதல், படிப்போர்க்குக் கொடுத்த வாக்கைத் தவறுவது போன்றதாகும்.

இவ்வளவு அடித்தால் என்ன எஞ்சும் என்று அஞ்சுவோர்க்கு விடை ஒன்றே: நிறைய எழுத வேண்டும். விரல் முறியும் வரை எழுதுங்கள் என்று அவர் தமக்கு அறிமுகமான மற்றோர் எழுத்தாளரை ஊக்கினார். அவிலோவாவுக்கோ, நாவலை ஓராண்டு எழுதி, அரையாண்டு சுருக்கி, அதன்பின் அச்சிடுமாறு கூறினார். துணியில் பூவேலை செய்வது போலப் பொறுமையோடு தாளில் வேலை செய்ய வேண்டும் என்றார். இரண்டும் முரண்பட்ட அறிவுரைகள் போலத் தோன்றும். களத்தில் நெல்லைக் குவித்தவனுக்குத்தான் தூற்றும் வேலை உண்டு.

அடிப்பதால் உண்டாகும் வெற்றிடத்தை யார் நிரப்புவது? படிப்பவனே நிரப்புவான் என்பது செகாவின் துணிபு. குதிரைத் திருடரைப் பற்றி அவர் எழுதிய கதையில் திருட்டைக் கண்டிக்கவில்லை என்று பதிப்பாளர் சுவோரின் குறை கூறினார். குதிரை திருடுதல் தீது என்பது தாம் சொல்லாமலே எல்லார்க்கும் தெரியும். தாம் சொல்லாது விட்டதைப் படிப்போர் சேர்த்துக்கொள்வர் என்று நம்பியே எழுதுவதாக 1890-இல் அவர் விடையிறுத்தார். ஆசிரியன் வினாவைச் சரியாக எழுப்பினால் போதும், விடை கூறுதல் அவன் கடன் அன்று என்பதையும் அவர் முன்னரே சுவோரினுக்கு எழுதியிருந்தார். படிப்பவனை அறிவுடையவனாகக் கருதும் மதிப்பு இதில் இருக்கிறது.

அதே ஆண்டில் அவர் சைபீரியாவைக் கடந்து, கைதிகள் வாழும் சகலின் தீவுக்குச் சென்றார். அங்கிருந்து கப்பலில் திரும்பும் வழியில், சிங்கப்பூரை அடையுமுன், இறந்தோர் இருவரின் உடல்கள் கடலில் எறியப்படுவதைக் கண்டார். பின்னர்க் கப்பல் கொழும்புத் துறையை அடைந்தது. இலங்கையின் அழகில் அவர் உள்ளத்தைப் பறிகொடுத்தார். ஆயினும் அந்நாட்களில் அவர் கருக்கொண்ட ‘கூசெவ்’ என்னும் கதையில் தென்னையும் இல்லை, பொன்மணலும் இல்லை. நோயுற்ற எளிய படைவீரன் ஒருவன் கப்பலின் அடித்தளத்தில் கிடந்து தன் ஊரின் பனியை நினைக்கிறான்; இறக்கிறான்; பாய்த்துணியில் தைக்கப்பட்டு நீரில் இறங்குகிறான். மீன்கள் வருகின்றன, சுறா வருகிறது, மேலே வானமும் கடலும் நிறம் மாறுகின்றன. கண்கொள்ளாக் காட்சிகளைக் கண்ட பயணி, கதைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை விட்டுவிட்டார். அச்சேறியபோது கதையின் அடியில் கொழும்பு என்னும் ஊர்ப்பெயர் மட்டும் நின்றது.

1897-இல் அவர்க்குக் காசநோய் முற்றியிருப்பது வெளிப்பட்டது. 1899 தொடக்கத்தில், தம் படைப்புகளை வெளியிடும் உரிமையை மார்க்ஸ் என்னும் பதிப்பாளர்க்கு 75,000 ரூபிளுக்கு விற்றார். உடன்படிக்கையின்படி, பழைய இதழ்களில் சிதறிக் கிடந்த கதைகளை எல்லாம் திரட்டித் தர வேண்டியிருந்தது. நண்பர்கள் படியெடுத்து அனுப்பினர், அவிலோவாவும் உதவினார். கடற்கரை ஊராகிய யால்டாவில் இருமலோடு அமர்ந்து, இருபது வயதில் தாம் எழுதிய வேடிக்கைக் கதைகளை நாற்பது வயதில் செகாவ் மீண்டும் படித்தார். அவற்றுட் பலவற்றை வேண்டா என ஒதுக்கினார்; பலவற்றை அடித்துத் திருத்தினார். பசிக்காக விரைந்து எழுதிய மாணவனுக்கு, அவனே வளர்ந்து முதியவனாகி வந்து திருத்தம் செய்து கொடுத்தது போன்றது அது.

அவருடைய இறுதிக் கதை ‘மணமகள்’ என்பது. நாத்யா என்னும் பெண், திருமணம் நெருங்கும் வேளையில் தனக்கு விதிக்கப்பட்ட சோம்பல் வாழ்வை வெறுத்து, வீட்டை விட்டுப் படிக்கச் செல்கிறாள். சில பக்கங்களில் அடங்கும் இக்கதையை 1902 அக்டோபரில் தொடங்கி, 1903 பிப்ரவரியில் முடித்து அனுப்பினார். அச்சுப்படி வந்தது. படியைத் திருத்துகிறேன் என்று தொடங்கியவர், கதையையே மீண்டும் எழுதிவிட்டார். மூச்சு விடுவதே துன்பமாயிருந்த காலம் அது. ‘செர்ரித் தோட்டம்’ நாடகத்தையும் அப்போதே எழுதிக்கொண்டிருந்தார். கதை அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்தது. எந்தக் கதைக்கும் ஒரு நாளைக்கு மேல் உழைத்ததில்லை என்று ஒரு காலத்தில் வெட்கத்தோடு எழுதிய அதே கை, இச்சிறு கதையைப் பதினான்கு திங்கள் விடாமல் பற்றியிருந்தது. கதை வெளிவந்து ஏழு திங்களில், 1904-ஆம் ஆண்டு ஜூலையில், ஜெர்மனி நாட்டுப் பாடன்வைலரில் செகாவ் உயிர் நீத்தார்.

வாழ்நாள் எல்லாம் சொற்களை அடித்துக் குறைத்தவர், அக்கதையின் இறுதித் தொடரில் ஒரு சிறு சொல்லைக் கூடுதலாகவே நிற்க விட்டார். நாத்யா ஒருமுறை ஊருக்குத் திரும்பி வந்து, மறுபடியும் உற்சாகத்தோடு புறப்படுகிறாள். இனி என்றும் திரும்பாதவாறு அவள் ஊரை விட்டுச் சென்றாள் என்று கதை முடிந்திருக்கலாம். செகாவ் அவ்வாறு முடிக்கவில்லை. என்றும் திரும்பாதவாறு என்பது அவளுடைய எண்ணம் என்று மட்டும் குறித்துவிட்டு, எழுதுகோலைக் கீழே வைத்தார்.